ஃபார்வேர்டு பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... வாட்ஸ்அப் காலத்தில் உண்மையைக் கண்டுபிடிப்பது எப்படி?

2018-ம் ஆண்டு மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம், போளூர் அருகே அத்திமூர் கிராமம். குலதெய்வக் கோயிலைத் தேடி சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கே இருந்த குழந்தைகளுக்கு, காரில் வந்த 65 வயதுப் பெண்மணி சாக்லேட் கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான். 'குழந்தை கடத்த வந்திருக்காங்க' என்று கூட்டம் திரண்டது. அந்தப் பெண்மணி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

'வடமாநிலத்திலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது' என்ற வாட்ஸ்அப் மெசேஜ்கள் அந்தச் சமயத்தில் வட மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த மெசேஜ்களை முதலில் உருவாக்கியவர் வேண்டுமானால் கெட்ட எண்ணம் கொண்டவராக இருந்திருக்கலாம். ஆனால், அவற்றை அடுத்த குரூப்புக்கு அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்கள் நம்மைப் போன்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். 'பிள்ளைங்க பத்திரம், எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க' என்ற அக்கறையில் அனுப்பியிருப்பார்கள்.

இந்த விஷயத்தில் நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். போலிச் செய்தி, முட்டாள்கள் மூலமாகப் பரவுவதில்லை. அக்கறையுள்ளவர்கள் மூலமாகத்தான் பரவுகிறது. அதனால், 'எனக்கு இதெல்லாம் தெரியும், நான் ஏமாற மாட்டேன்' என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது. நம் கைக்கு வரும் செய்தியை யார் சொல்கிறார்கள், எதற்குச் சொல்கிறார்கள், ஆதாரம் என்ன என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தைத்தான் 'ஊடக அறிவு' என்கிறோம். சைக்கிள் ஓட்டுவதுபோல இதுவும் பழகினால் வரக்கூடியதுதான்.

படிச்சவங்களும் ஏமாறுவது ஏன்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் இணையதளங்களைக் கொடுத்து, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930-ல் தொடங்கிய மிகப்பெரிய அமைப்பு. மற்றொன்று 2002-ல் அதிலிருந்து பிரிந்துபோன ஒரு சிறு குழு. ஆனால், பார்ப்பதற்கு இரண்டு தளங்களும் ஒரே மாதிரி 'டீசன்ட்' ஆக இருக்கும்.

மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சிறு குழுவின் தளத்தைத்தான் நம்பகமானது என்றார்கள். வரலாற்று அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். தகவல் சரிபார்ப்பவர்கள் மட்டும் எல்லோருமே சரியாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் மற்றவர்கள் அந்தத் தளத்தை வரி வரியாகப் படித்தார்கள். லோகோ, வடிவமைப்பு எல்லாவற்றையும் பார்த்தார்கள். தகவல் சரிபார்ப்பவர்கள் அந்தத் தளத்தில் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. உடனே வேறொரு பக்கத்தைத் திறந்து, 'இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?' என்று தேடினார்கள்.

ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்து, 'நான் ரொம்ப நல்லவன்' என்று சொன்னால், அவரிடமே போய் மேலும் விசாரிப்போமா? பக்கத்து வீட்டில்தானே விசாரிப்போம். இணையத்திலும் அதே வழிதான்.

நாம் ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாட்ஸ்அப்பில் நாம் செய்தியை நம்புவதில்லை, அனுப்பியவரை நம்புகிறோம். சித்தப்பா அனுப்பினால் அது சித்தப்பா சொன்னதுபோலவே ஆகிவிடுகிறது. ஆனால், சித்தப்பாவுக்கு அவருடைய ஆபீஸ் நண்பர் அனுப்பியிருப்பார். அவருக்கு யார் அனுப்பியது என்று யாருக்குமே தெரியாது.

பொய் எந்தெந்த வேஷத்தில் வரும்?

போலி வீடியோ என்றதும் கிராஃபிக்ஸ், ஏ.ஐ. என்றுதான் நினைக்கிறோம். உண்மையில், நம்மை அதிகம் ஏமாற்றுவது நிஜமான வீடியோக்கள்தான்.

வெட்டப்பட்ட உண்மை: 2018-ல் குழந்தை கடத்தல் வதந்தியோடு இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் நிற்கும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் அதே இருவரும் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, விழிப்புணர்வு வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டியதும் விழிப்புணர்வுப் படம், கடத்தல் வீடியோவாக மாறிவிட்டது.

இடம் மாறிய உண்மை: 2023 மார்ச்சில், 'தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள்' என்று வட இந்தியாவில் வீடியோக்கள் பரவின. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அவற்றை மறுத்து விளக்கம் கொடுத்தார். அவர் குறிப்பிட்ட இரண்டு வீடியோக்களும் திருப்பூரிலும் கோவையிலும் முன்பே நடந்த சம்பவங்கள். ஒன்றில் மோதிக்கொண்டது பீகார் தொழிலாளர்களின் இரு தரப்பு. இன்னொன்றில் மோதிக்கொண்டது உள்ளூர்க்காரர்கள். அடிதடி நிஜம், கீழே எழுதப்பட்ட வரி பொய். அதற்குள் திருப்பூரில் வேலை செய்யும் பிள்ளைக்கு, ஊரிலிருந்து பதறிப்போய் போன் செய்தார்கள் பெற்றோர்கள். நிலைமையை நேரில் பார்க்க பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பியது.

காலம் மாறிய உண்மை: ஒவ்வொரு புயலுக்கும் அதே பழைய வெள்ள வீடியோ வரும். 'ரத்தம் அவசரமாகத் தேவை', 'இந்தக் குழந்தையைக் காணவில்லை' போன்ற மெசேஜ்களும் இந்த வகைதான். ரத்தம் கிடைத்து, குழந்தை வீடு திரும்பி வருடங்கள் ஆன பிறகும் மெசேஜ் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முழுப் பொய்: 2015 சென்னை வெள்ளத்தின்போது, 'முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன' என்று ஒரு செய்தி பரவியது. பண்ணை நிர்வாகமே அதை மறுத்தது. 'உலகின் சிறந்த தேசிய கீதமாக ஜன கண மன-வை யுனெஸ்கோ அறிவித்துவிட்டது' என்பதும் இதே ரகம்தான். யுனெஸ்கோ மறுத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, மெசேஜ் ஓய்ந்தபாடில்லை.

போலி நியூஸ் கார்டு: இது தமிழ்நாட்டில் ரொம்பவே பிரபலம். தெரிந்த சேனலின் லோகோ, அதே நிறம், ஒரு தலைவரின் போட்டோ, அவர் சொல்லாத ஒரு வாக்கியம். மழைக்காலத்தில் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று வருவதும் இதன் தம்பிதான்.

5 கேள்விகள், 5 நிமிடங்கள்

ஒரு செய்தி உங்களைப் பதற வைத்தால், கோபப்படுத்தினால், 'இதை எல்லோருக்கும் உடனே சொல்லணுமே' என்று தோன்றினால், அதுதான் நிற்க வேண்டிய இடம். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவிகிதம் அதிகம் என்று தெரியவந்தது. பொய்யான செய்திகளுக்கு வந்த பதில்களில் ஆச்சர்யமும் வெறுப்பும்தான் அதிகம் தெரிந்தன. நம் உணர்ச்சிதான் அவற்றுக்கு பெட்ரோல்.

நின்றுவிட்டீர்களா? இனி இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. எத்தனை கை மாறி வந்தது? மெசேஜின் மேலே ஒற்றை அம்புக்குறி இருந்தால் அது ஃபார்வேர்டு. இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். 2018 வதந்திக் கொலைகளுக்குப் பிறகுதான், ஒரே நேரத்தில் 5 சாட்டுகளுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரல் முதல், இரட்டை அம்புக்குறி மெசேஜை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அந்த அம்புக்குறியை எச்சரிக்கைப் பலகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. சொல்வது யார்? 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்', 'பிரபல டாக்டர் சொன்னது' என்று இருக்கிறதா? எந்த விஞ்ஞானி, எந்த டாக்டர்? பெயர், இடம், தேதி இல்லாத செய்தி, முகவரி இல்லாத மொட்டைக் கடிதம் மாதிரிதான்.

3. வேறு யாராவது சொல்கிறார்களா? செய்தியின் முக்கியமான நாலைந்து வார்த்தைகளை எடுத்து கூகுளில் தேடுங்கள். நிஜமாகவே பெரிய சம்பவம் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட செய்தி நிறுவனங்கள் எழுதியிருக்கும். நியூஸ் கார்டாக இருந்தால், அந்தச் சேனலின் அதிகாரபூர்வப் பக்கத்துக்கே போய், அந்தத் தேதியில் அப்படி ஒன்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி விடுமுறைக்கு மாவட்ட ஆட்சியரின் அதிகாரபூர்வ சமூக வலைதளப் பக்கம் போதும்.

4. படம் எங்கே எடுத்தது? கூகுள் லென்ஸ் வசதி உங்கள் போனிலேயே இருக்கும். கூகுள் ஆப்பில் கேமரா ஐகானைத் தொட்டு, அந்தப் படத்தைக் கொடுத்தால், அதே படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். வீடியோ என்றால், முகமோ கட்டடமோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேடுங்கள். கூடவே கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டியின் நம்பர் பிளேட் எந்த மாநிலம், போலீஸ் யூனிஃபார்ம் எந்த ஊருடையது என்பதையும் கவனியுங்கள். ஒரு விஷயம்: லென்ஸில் எதுவும் கிடைக்கவில்லை என்பதாலேயே அது உண்மை என்று ஆகிவிடாது.

5. எப்போது நடந்தது? லிங்க்கைத் திறந்து தேதியைப் பாருங்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பகிராதீர்கள். 'நாளை முதல் அமல்' என்ற செய்தியில் அந்த 'நாளை' எது என்று தெரியாவிட்டால், அது எந்த வருடத்துக்கும் பொருந்திவிடும்.

இவற்றுக்கெல்லாம் நேரமில்லையா? பரவாயில்லை. தெரியாததை அனுப்பாமல் இருப்பதற்கு ஒரு விநாடிகூட ஆகாது.

தமிழில் 'யூ டர்ன்' போன்ற சரிபார்ப்புத் தளங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் பி.ஐ.பி., 2019-ல் சரிபார்ப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால், அரசைப் பற்றிய செய்தியை அரசே 'பொய்' என்று தீர்ப்பு சொல்லலாமா என்பது விவாதத்துக்கு உரிய கேள்வி. மத்திய அரசுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த விதியை 2024-ல் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் எந்தத் தளமாக இருந்தாலும், 'இது பொய்' என்று முத்திரை குத்துவதோடு நிறுத்திக்கொள்கிறதா, இல்லை ஆதாரத்தையும் கூடவே காட்டுகிறதா என்று பாருங்கள். ஆதாரம் காட்டுபவரை நம்பலாம்.

கண்ணையே நம்ப முடியாத காலம்

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டி வெளியிட்டது பெரிய சர்ச்சை ஆனது. 2018-ல் மறைந்த கருணாநிதி, 2024-ல் ஏ.ஐ. உதவியால் தி.மு.க நிகழ்ச்சியின் திரையில் தோன்றிப் பேசினார். அங்கே இருந்தவர்களுக்கு அது ஏ.ஐ. என்று தெரியும், அதனால் ஏமாற்று இல்லை. அதே வீடியோ விளக்கம் எதுவும் இல்லாமல் நம் போனுக்கு வந்தால்?

விரல் எண்ணிக்கை, உதட்டசைவு, பின்னால் இருக்கும் பலகையின் எழுத்து ஆகியவற்றை வைத்து ஏ.ஐ. படங்களைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். இப்போதைக்கு அது கொஞ்சம் உதவும். ஆனால், மாதத்துக்கு மாதம் தொழில்நுட்பம் அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டே வருகிறது. ஆகவே 'பார்க்க நிஜமா இருக்கா?' என்று கேட்பதைவிட, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்பதுதான் நீண்ட நாளைக்கு உதவும்.

குரல் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 'அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்பு' என்று பிள்ளையின் குரலிலேயே போன் வரலாம். பதற்றத்தில் பணம் அனுப்பாதீர்கள். போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் திரும்ப அழையுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ரகசிய வார்த்தை ஒன்றை வைத்துக்கொள்வதும் நல்லது. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இது செய்தியா, விளம்பரமா?

ஊடக அறிவு என்பது பொய்யைப் பிடிப்பதோடு முடிவதில்லை. உங்களுக்குப் பிடித்த யூடியூபர் ஒரு ஃபேஸ் க்ரீமைப் புகழ்கிறார் என்றால், அவர் நிஜமாகவே பயன்படுத்திவிட்டுச் சொல்கிறாரா, பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறாரா? பணமோ பொருளோ பெற்றிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-ல் நெறிமுறை கொண்டுவந்தது. 'ஸ்பான்சர்டு', 'பெய்டு பார்ட்னர்ஷிப்' போன்ற சின்ன எழுத்துகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இன்னொன்று, நம் ஃபீடில் வருவது உலகம் அல்ல. நமக்குப் பிடித்த உலகம். ஒரு நாட்டு வைத்திய வீடியோவை முழுசாகப் பார்த்தால், அடுத்தடுத்து பத்து வீடியோ அதேபோல வரும். 'எல்லாருமே இதைத்தான் சொல்றாங்க' என்று தோன்றும். அது அல்காரிதம் சொல்வது.

உடல்நலம் சார்ந்த செய்திகளில் இதன் விலை அதிகம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர்கள் பிள்ளைகளுக்குப் போடத் தயங்கினார்கள். முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டிவந்தது. மருந்தை நிறுத்தச் சொல்லும், தடுப்பூசி வேண்டாமென்று சொல்லும், ஒரே வாரத்தில் சர்க்கரை நோய் போய்விடும் என்று சொல்லும் எந்த மெசேஜையும், உங்கள் டாக்டரிடம் காட்டாமல் நம்பாதீர்கள்.

குடும்ப குரூப்பில் எப்படிச் சொல்வது?

எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை இதுதான். பெரியப்பா ஒரு வதந்தியை அனுப்புகிறார். 'இது ஃபேக்' என்று குரூப்பிலேயே போட்டால் என்ன ஆகும்? 40 பேர் முன்னால் அவருக்கு அவமானம். அடுத்த கல்யாணம்வரை பேச மாட்டார். அதோடு, அந்தச் செய்தியைக் கூடுதலாக நம்பவும் ஆரம்பித்துவிடுவார்.

- முதலில் தனியாக மெசேஜ் செய்யுங்கள், அல்லது போன் செய்யுங்கள். 'பெரியப்பா, நீங்க அனுப்பினது பழைய வீடியோ போல இருக்கு. நானும் முதல்ல பதறிட்டேன். இந்த லிங்க்கைக் கொஞ்சம் பாருங்களேன்' என்று சொன்னால் காது கொடுப்பார்.
- அவருடைய அக்கறையை மதியுங்கள். 'எங்க நல்லதுக்குத்தான் அனுப்புனீங்கன்னு தெரியும்' என்ற ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடும்.
- திருத்தத்தை அவரையே குரூப்பில் போடச் சொல்லுங்கள். பெரியவர் திருத்தினால் மற்றவர்களும் பின்பற்றுவார்கள்.
- கலவரம், கடத்தல், மருந்து போன்ற உயிர் சம்பந்தப்பட்ட வதந்தி என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஆதாரத்தோடு, யாரையும் குறை சொல்லாமல் குரூப்பிலேயே போட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு எப்போது ஆரம்பிக்கலாம்?

ஃபின்லாந்தில் இது பள்ளிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. புள்ளிவிவரத்தை வைத்து எப்படி ஏமாற்றலாம் என்பதைக் கணக்கு வகுப்பிலும், படத்தின் அர்த்தத்தை எப்படி மாற்றலாம் என்பதை ஓவிய வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்து கேரளாவிலேயே உதாரணம் இருக்கிறது. கண்ணூர் மாவட்டத்தில் 2018-ல் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில், சுமார் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு எடுத்தார்கள்.

வீட்டிலும் செய்யலாம். வாரம் ஒருமுறை, குடும்ப குரூப்பில் வந்த ஒரு படத்தைக் கொடுத்து, 'இது நிஜமா, கண்டுபிடி பார்ப்போம்' என்று விளையாட்டாகச் சொல்லுங்கள். லென்ஸ் பயன்படுத்துவதில் அவர்கள் நம்மைவிட வேகம். தாத்தா பாட்டிக்குச் சொல்லித்தரும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள். பேரன் பேத்தி சொன்னால் தாத்தா கோபப்பட மாட்டார்.

அப்போ எதையுமே நம்பக் கூடாதா?

இல்லை. 'எல்லாமே ஃபேக்தான்' என்று கைகழுவுவதும் ஆபத்துதான். அப்படி ஒரு மனநிலை வந்துவிட்டால், தப்பு செய்து வீடியோவில் மாட்டிக்கொண்டவர்கூட 'அது ஏ.ஐ.' என்று சொல்லி எளிதாகத் தப்பிவிடுவார். சந்தேகப்படுவது ஆரம்பம் மட்டும்தான். தேடிப் பார்த்து, ஆதாரம் சரியாக இருந்தால் நம்பவும் வேண்டும்.

அதேபோல, நமக்குப் பிடிக்காத கட்சி, பிடிக்காத நடிகர் பற்றிய செய்தியை மட்டும் சரிபார்ப்பதில் பயனில்லை. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சந்தோஷமாகத் தோன்ற வைக்கும் செய்தியைத்தான் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. பொது அமைதியைக் குலைக்கும் வகையில் பொய்த் தகவல் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-வது பிரிவின் கீழ் குற்றம். 'நான் எழுதலை, ஃபார்வேர்டு மட்டும்தான் பண்ணேன்' என்பது தப்பிக்கும் வழி அல்ல. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்த வழக்கில், பகிர்ந்தவரும் அதற்குப் பொறுப்பு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

ஆனால், சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய விஷயமா இது? அத்திமூரில் வழி கேட்க நின்றவர்களை அடித்தவர்கள் சில பேர். அந்த அடிக்கு முன்னால், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பட்டனைத் தட்டிய விரல்கள் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது. அடுத்த முறை ஒரு மெசேஜ் உங்களைப் பதற வைத்தால், போனைக் கீழே வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிறகு எடுத்துத் தேடுங்கள். உண்மையாக இருந்தால், ஐந்து நிமிடம் கழித்து அனுப்பினாலும் அது உண்மையாகத்தான் இருக்கும்!